விசைக்கு ஒரு எழுவாய் வேண்டும்

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். பாடம் நடத்தியது நான் இல்லை. தராசு, கட்டை, கப்பி, நூல் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைப்பது, வகுப்பு முடிந்ததும் எண்ணிப் பார்த்து அலமாரியில் பூட்டுவது, இதுதான் என் வேலை. ஆனால் பின்சுவர் ஓரமாக நின்று ஒரே பாடத்தை இருபத்தாறு முறை கேட்டவனுக்குப் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பது மனப்பாடமாகிவிடும். விசையும் இயக்கமும் என்ற பாடத்தில் அந்த இடங்கள் மாறுவதே இல்லை.

நானும் அங்கே இடறியவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், இரண்டு சுருள்வில் தராசுகளின் கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்டி இரண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இரண்டு தராசும் 20 நியூட்டன் காட்டின; நியூட்டன் என்பது விசையின் அலகு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20, ஆக 40 அல்லவா காட்ட வேண்டும்? பழுதான தராசுகள் என்று முடிவுகட்டி இரண்டையும் தனியே எடுத்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து இயற்பியல் ஆசிரியை தராசைத் தேடிக்கொண்டு வந்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தராசின் வளையத்தைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டி, கொக்கியை என் கையில் கொடுத்து, 20 வரும்வரை இழுக்கச் சொன்னார். இழுத்தேன்.

"இப்போது உங்களைத் திருப்பி இழுப்பது யார்?" என்றார்.

சுவர்தான். நான் இழுக்கிற அதே 20 நியூட்டனால் சுவர் மறுபக்கம் இழுக்கிறது. அது இழுக்காவிட்டால் தராசு என் கையோடு வந்துவிடும். அன்று சுவர் செய்த வேலையைத்தான் போன வாரம் இரண்டாவது மாணவன் செய்திருந்தான். இரண்டு பக்கமும் 20 இழுத்தால்தான் ஒரு தராசு 20 என்று காட்டவே முடியும்.

அதிலிருந்து எந்தக் கணக்கைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் கேள்விதான்: இந்த விசையைக் கொடுப்பது யார், வாங்குவது யார்? ஆய்வகத்தில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு இதை நான் இலக்கணமாகவே சொல்லிக்கொடுத்தேன். கொடுப்பவர் எழுவாய். வாங்குபவர் செயப்படுபொருள். "பூமி பெட்டியை இழுக்கிறது." "தரை பெட்டியைத் தள்ளுகிறது." இப்படி ஒரு முழு வாக்கியம் எழுத முடிந்தால் அது விசை. எழுவாய் கிடைக்கவில்லையா, படத்திலிருந்து அந்த அம்பை அழித்துவிடுங்கள்.

படம் போடுவது

கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேட வேண்டாம். கணக்கில் வருகிற பொருள்களில் ஒன்றை மட்டும் எடுத்து, வெறும் கட்டமாக வரையுங்கள். பெட்டி, வண்டி, ஆள் எதுவானாலும் கட்டம் போதும். தரையும் சுவரும் கயிறும் இந்தப் படத்தில் வேண்டாம். பாடநூலில் இதற்குத் தனித்த பொருளின் விசைப்படம் என்று பெயர்.

அப்புறம் இரண்டே கேள்விகள். இந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை? தொடாமலே இழுப்பவை எவை? இரண்டாவது கேள்விக்கு, காந்தமோ மின்னூட்டமோ கணக்கில் வராதவரை, ஒரே பதில்தான்: பூமி. முதல் கேள்விக்குப் பொருளைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். அடியில் தரை தொடுகிறது. முன்னால் கயிறு தொடுகிறது. தொடுகிற ஒவ்வொன்றும் ஒரு விசை தரக்கூடும். தரை மட்டும் இரண்டு விதமாகத் தரும், மேல்நோக்கிச் செங்குத்து விசையும் பரப்பை ஒட்டிய உராய்வும். அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது. இதற்கு வெளியே ஒரு அம்பு கூட வரக்கூடாது.

இந்தச் சட்டத்தை மீறுகிற அம்பு ஒன்று ஒவ்வொரு ஆண்டும் விடைத்தாளில் வந்துவிடும். பந்தை மேலே எறிந்தாயிற்று, கையை விட்டுப் போய்விட்டது, நடுவானில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்மீது என்னென்ன விசைகள்? கீழ்நோக்கி ஈர்ப்பு விசையை வரைந்துவிட்டு, மேல்நோக்கி இன்னொரு அம்பும் வரைவார்கள். மேலே போகிறதே, தள்ள ஏதாவது வேண்டாமா என்பது அவர்கள் வாதம். சரி, வாக்கியம் எழுதுங்கள் என்பேன். "... பந்தை மேலே தள்ளுகிறது." அந்தப் புள்ளிகளில் யாரை எழுதுவது? கையா? கை கீழேயே நின்றுவிட்டது. காற்று தொடுகிறது, ஆனால் ஏறுகிற பந்தைத் தடுக்கத்தான் செய்யும். எழுவாய் இல்லை. பந்திடம் இருப்பது திசைவேகம். அது கை கொடுத்துவிட்டுப் போனது. விசை என்பது பந்திடம் இருக்கிற பொருள் இல்லை; ஒருவர் மற்றவர்மீது அந்த நேரத்தில் செய்கிற செயல்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடுகிற எதையும் ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். அதை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலோர் நம்பினார்கள். கலிலியோ சாய்தளங்களை வைத்து யோசித்தார். ஒரு சரிவில் உருண்டு இறங்கும் குண்டு, எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைச் சாய்வு குறைத்துப் போட்டால், அதே உயரத்தைத் தொட அது இன்னும் தூரம் ஓட வேண்டும். சரிவே இல்லாமல் மட்டமாகப் போட்டுவிட்டால்? உயரத்தைத் தொடவே முடியாது, ஆகவே நிற்கக் காரணமே இல்லை. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இதுதான் முதல் விதியாக நின்றது. 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கிறது. அதை முன்னால் தள்ள எந்த இயந்திரமும் ஓடவில்லை. சூரியனின் ஈர்ப்பு மிக மெல்லப் பின்னால் இழுக்கிறது, அவ்வளவுதான்.

அதே பந்தில் இன்னொரு பொறியும் உண்டு. உச்சியில் அதன் திசைவேகம் சுழியம்; முடுக்கமும், அதாவது திசைவேகம் மாறும் வீதமும், சுழியம் என்று எழுதிவிடுவார்கள். முடுக்கமும் சுழியமானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நின்றிருக்கும். பூமி உச்சியில் மட்டும் இழுப்பதை நிறுத்துவதில்லை. அங்கேயும் 9.8 மீ/வி², கீழ்நோக்கி.

எண்களுக்கு வருவது

படம் சரியாக இருந்தால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்தான். கிராமைக் கிலோகிராமாக, கி.மீ/மணியை 3.6ஆல் வகுத்து மீ/வி ஆக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு திசையை நேர்க்குறி என்று முடிவுசெய்து படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். நடுவழியில் மாற்றக்கூடாது.

4 கிலோகிராம் பெட்டியைக் கயிறு 20 நியூட்டனால் வலப்பக்கம் இழுக்கிறது, உராய்வு 8 நியூட்டன். தொகுபயன் விசை, அதாவது எல்லாம் கூட்டிக் கழித்து மிஞ்சுகிற விசை, 20 − 8 = 12. நிறை × முடுக்கம் = 12, ஆகவே முடுக்கம் 3 மீ/வி², வலப்பக்கம். ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்டால் 2 நொடியில் 6 மீ/வி வேகம் வந்திருக்கும், 6 மீட்டர் நகர்ந்திருக்கும்.

இது எல்லோருக்கும் வரும். வராதது இதுதான்: "பெட்டி சீரான திசைவேகத்தில் நகர்கிறது. இழுவிசை 8 நியூட்டன். உராய்வு எவ்வளவு?" நகர்கிறதே, இழுவிசை கொஞ்சமாவது ஜெயிக்க வேண்டாமா என்று நினைத்து 7 என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெயித்தால் பெட்டியின் வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் மாறவில்லை என்றால் தொகுபயன் விசை சுழியம், உராய்வு சரியாக 8. கேள்வியில் "சீரான திசைவேகம்" என்ற சொற்களைப் பார்த்ததும் அடிக்கோடு போடுங்கள். கேட்டவர் விடையைப் பாதி சொல்லிவிட்டார்.

நிறை, எடை வேறுபாட்டுக்கு ஒரு பத்தி போதும். நிறை என்பது பொருளை முடுக்குவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு; எங்கே போனாலும் மாறாது. எடை என்பது அதன்மீது செயல்படும் ஈர்ப்பு விசை. 60 கிலோகிராம் ஆளைப் பூமி 588 நியூட்டனால் இழுக்கிறது. நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி², ஆகவே அங்கே 97 நியூட்டன்தான். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். சுத்தியல் 1.32 கிலோகிராம், இறகு 0.03. இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. சுத்தியலை நிலவு 44 மடங்கு அதிகமாக இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை நகர்த்துவதும் 44 மடங்கு கடினம். வகுத்தால் இரண்டுக்கும் ஒரே முடுக்கம். காற்று இல்லாததால் இறகைத் தடுக்க ஆளில்லை.

லிஃப்டுக்குள் ஒரு தராசு

இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த சோதனை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுவேன். நின்று எடை பார்க்கும் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறுங்கள். முள் சுற்றும் பழைய வகையாக இருந்தால் நல்லது. எண் காட்டும் புது வகைத் தராசுகள் பல, அளவு நிலைக்கும்வரை காத்திருந்து பிறகுதான் காட்டும். நமக்கு வேண்டியதோ நிலைக்காத அந்த ஓரிரு நொடிதான். முதல் முறை எண் தராசைத் தூக்கிக்கொண்டு நான்கு முறை மேலும் கீழும் போய்விட்டு ஒன்றும் பார்க்காமல் இறங்கினேன். கூட வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நின்றிருக்கும்போது என் முள் 68இல் இருந்தது. லிஃப்ட் மேலே புறப்பட்ட கணத்தில் 74க்குத் தாவியது. அப்புறம் 68க்கே திரும்பி, மாடி மாடியாக ஏறும்போதும் அங்கேயே நின்றது. நிற்கப் போகும்போது 62க்கு இறங்கி மறுபடி 68.

படம் போடுங்கள். பொருள் நான். "பூமி என்னை இழுக்கிறது", 68 × 9.8, அதாவது 666 நியூட்டன், மாறாது. "தராசு என்னைத் தள்ளுகிறது", இது மாறும். முள் காட்டுவது இதைத்தான். மேல்நோக்கி முடுக்க வேண்டுமானால் தராசு பூமியைவிட அதிகமாகத் தள்ளியாக வேண்டும். முள் 6 கூடியது என்றால் கூடுதல் விசை 6 × 9.8 = 58.8 நியூட்டன். 68ஆல் வகுத்தால் 0.86 மீ/வி². எடை பார்க்கிற தராசை வைத்து லிஃப்டின் முடுக்கத்தை அளந்துவிட்டோம்!

மாடி மாடியாக ஏறும்போது முள் 68இல் நின்றதைக் கவனித்தீர்களா? வேகமாகப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வேகம் மாறவில்லை, ஆகவே விசை மாறவில்லை. முள்ளுக்கு வேகம் தெரியாது, வேக மாற்றம்தான் தெரியும். லிஃப்ட் தடையின்றித் தானாக விழுந்தால் முள் சுழியத்துக்கு வந்துவிடும். பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதும் இதனால்தான். அங்கே ஈர்ப்பு இல்லை என்று எழுதாதீர்கள். தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் மிகுதி என்பதால் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறார்கள்.

உராய்வு

மரக்கட்டையைச் சுருள்வில் தராசால் இழுக்கும் சோதனையில் பிள்ளைகள் எல்லோரும் கட்டையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது முள்ளை. மெல்ல இழுக்கும்போது முள் 1, 2, 3 என்று ஏறும், கட்டை அசையாது. அதாவது நீங்கள் 2 இழுத்தால் உராய்வும் 2, நீங்கள் 3 இழுத்தால் அதுவும் 3. ஒரு எல்லையில் கட்டை சட்டென்று நகரும், அதே நொடியில் முள் சற்றுக் கீழே இறங்கும். நகர ஆரம்பிக்கத் தேவையான விசையைவிட நகர்ந்துகொண்டிருக்கத் தேவையானது குறைவு. கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுத் தொடுபரப்பைக் குறைத்தாலும் அளவு ஏறக்குறைய அதேதான். இதை நம்பாமல் மூன்று முறை திருப்பிப் போட்டு அளந்த ஒரு சிறுமி எனக்கு நினைவிருக்கிறாள். நல்ல பழக்கம் அது.

உராய்வு இயக்கத்துக்கு எதிர்த்திசையில் செயல்படும் என்று ஒப்பிப்பதில் ஒரு ஓட்டை உண்டு. அது எதிர்ப்பது வழுக்குவதை. நடக்கும்போது உங்கள் கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது. வழுக்காமல் தடுக்கிற உராய்வு உங்களை முன்னால் தள்ளுகிறது. ஈரமான பளிங்குத் தரையில் வேகமாக நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வண்டி பிரேக் கணக்கும் இதே குடும்பம். உலர்ந்த சாலையில் 7 மீ/வி² எதிர்முடுக்கம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × 7). 36 கி.மீ/மணி என்றால் 10 மீ/வி, தூரம் சுமார் 7 மீட்டர். 72 என்றால் சுமார் 29 மீட்டர். வேகம் இரட்டிப்பு, தூரம் நான்கு மடங்கு. பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரத்தில் ஓடும் தூரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் விதி, வாக்கியத்தைத் திருப்புவது

ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடைக்கு எதிர்வினை எது என்று கேட்டால் மேசை தரும் செங்குத்து விசை என்பார்கள். தவறு. பல ஆண்டுகளில் வகுப்பே சேர்ந்து தவறியதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் இலக்கணம் கைகொடுக்கும். வாக்கியத்தை எழுதி, எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றுங்கள், வினைச்சொல்லைத் தொடாதீர்கள். "பூமி புத்தகத்தை இழுக்கிறது." திருப்பினால் "புத்தகம் பூமியை இழுக்கிறது." அதுதான் ஜோடி. மேசை இந்த வாக்கியத்தில் வரவே இல்லை. "மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது" என்பதன் ஜோடி "புத்தகம் மேசையைத் தள்ளுகிறது." ஜோடி விசைகள் இரண்டும் ஒரே பொருளின்மீது ஒருபோதும் விழாது என்பதும் இதிலிருந்தே தெரியும், செயப்படுபொருள் மாறிவிடுகிறதே. எடையும் செங்குத்து விசையும் மேசைமேல் சமமாக இருப்பது புத்தகம் முடுக்கமின்றி இருப்பதால்தான். லிஃப்டில் அவை சமமாக இல்லை என்பதை இப்போதுதான் முள்ளில் பார்த்தோம். மூன்றாம் விதி ஜோடியோ லிஃப்டிலும் பிரியாது.

குதிரை வண்டிக் கேள்வியும் இதனால் தீரும். குதிரை வண்டியை இழுக்கிறது, வண்டியும் குதிரையை அதே அளவு இழுக்கிறது, அப்படியானால் எப்படி நகரும்? வண்டியை மட்டும் கட்டமாக வரையுங்கள். முன்னால் குதிரையின் இழுப்பு, பின்னால் சக்கரத்தில் உள்ள தடைகள். முன்னது பெரிதானால் வண்டி முடுகும். வண்டி குதிரையை இழுப்பது குதிரையின் படத்தில் வர வேண்டியது. அங்கே அதை எதிர்த்து நிற்பது, குளம்பு பின்னால் உதைத்ததற்குத் தரை திருப்பித் தரும் தள்ளல்.

நூலில் கல்லைக் கட்டிச் சுற்றும்போது வெளிநோக்கி ஒரு அம்பு போடும் பழக்கம் இருந்தால், அதற்கும் எழுவாய் தேடுங்கள். கல்லைத் தொடுவது நூல் மட்டும்தான், நூலால் உள்ளே இழுக்கத்தான் முடியும். நூல் அறுந்தால் கல் வெளியே பாயாது, அந்தக் கணத்தில் போய்க்கொண்டிருந்த தொடுகோட்டுத் திசையில் நேராகப் போகும்.

வீட்டில் செய்து பார்க்க

கனமான பொருள் ஒன்றை மெல்லிய நூலில் தொங்கவிட்டு, அதன் அடியில் அதே நூலில் இன்னொரு துண்டு கட்டுங்கள். கீழ் நூலை மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுத்தால் மேல் நூல் அறும். வெடுக்கென்று இழுத்தால் கீழ் நூல் அறும். மெல்ல இழுக்கும்போது மேல் நூல் உங்கள் இழுப்போடு பொருளின் எடையையும் தாங்குகிறது. வெடுக்கென்று இழுக்கும்போது பொருள் நகர்ந்து மேல் நூலை இழுத்து நீட்டுவதற்குள் கீழ் நூலின் கதை முடிந்துவிடுகிறது. நிலைமம், அதாவது பொருள் தன் இயக்க நிலை மாறுவதை எதிர்க்கும் குணம், என்ற சொல்லை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் எனக்குக் காட்டியதில்லை. கால் அடியில் இருக்க வேண்டாம், மெத்தை ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசி இருந்தால், லேசான சரிவில் கோலியை உருட்டி மெதுவோட்டப் படம் எடுங்கள். சம இடைவெளிகளில் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு இடைவெளியிலும் கோலி ஓடிய தூரத்தை அளந்தால் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வரும். கலிலியோ கண்ட கணக்கு இது. கோலியை விட்ட கணத்திலிருந்து எண்ண வேண்டும், இல்லையென்றால் விகிதம் குழம்பும்.

தராசு கையில் கிடைத்தால், அளக்கும் முன் எதையும் மாட்டாமல் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கிடையாக இழுத்து அளக்கப் போகிறீர்கள் என்றால் கிடையாகப் பிடித்தே பாருங்கள். செங்குத்தாகப் பிடிக்கும்போது கொக்கியின் எடையே முள்ளைக் கொஞ்சம் இறக்கிவிடும்.

மூன்று தராசுகளை மேசைமேல் வரிசையாகக் கோத்து, ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையை 20 நியூட்டனால் இழுக்கிறீர்கள். நடுத் தராசு எவ்வளவு காட்டும்? அதை மட்டும் கட்டமாக வரைந்து, அதைத் தொடுகிற இரண்டு பேருக்கும் வாக்கியம் எழுதிவிட்டு விடையைச் சொல்லுங்கள்.